ராஜாவின் கிழிசல்

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் நாடக வேன் நிற்கிறது. சாயங்காலம் நாயுடுபேட்டையில் இசை நாடகம். நான் உடை தைப்பவன். நாடிழந்த ராஜா பிச்சையெடுத்துப் பாடும் காட்சிக்காக ஒரு பட்டு அங்கியை நாள்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கிழித்து, டீத்தண்ணீரில் ஊறவைத்து அழுக்காக்கியிருந்தேன். மாற்று அங்கி கிடையாது.

அதில் ஒரு கொக்கி அறுந்துவிட்டது. சாலையோரம் மெஷின் போட்டிருக்கும் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஒரு கிழிசல்கூட இல்லை, எல்லாவற்றையும் தைத்து மூடிவிட்டார்! ராஜா பிச்சைக்குப் போகிறாரா, பெண் பார்க்கப் போகிறாரா?

"யாரைக் கேட்டு தெச்சக்கா?" எனக்குத் தலை கொதிக்கிறது.

"இன்னாண்ணா, கிழிஞ்சத தெச்சதுக்கா கத்திக்கினு கீற?"

"அக்கா, அது நானே கிழிச்சது!"

"நல்ல பட்ட கிழிச்சியா? நீயெல்லாம் இன்னா டெய்லரு?"

இதே கேள்வியை வீட்டில் என் மனைவியும் கேட்கிறாள். அவளிடம் கத்த முடியாததையும் சேர்த்து இங்கே கத்துகிறேன். கத்தரிக்கோல் கேட்டால், அக்கா அதை மடிக்குள் மறைத்துக்கொள்கிறார்.

"நான் தெச்சத என் எதிர்லயே வெட்டுவியா? தரமாட்டேன் போ."

ஆத்திரத்தில் அங்கியை இரு கையாலும் பிடித்து இழுக்கிறேன். அவர் தையல் அசையவில்லை. துணிதான் கிழிகிறது, சரியாக ராஜாவின் பின்பக்கத்தில், இடுப்பிலிருந்து கீழ்வரை.

வேன் ஹாரன் அடிக்கிறது. அக்கா கையை நீட்டுகிறார்.

"இத தெக்கணுமா, வுட்டுடணுமா? இப்பவே வாயத் தொறந்து சொல்லிடு."