மவுஸ் யார் கையில்?

இதுவரை போன பயிற்சிகளிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இலவசப் பைகள் மட்டுமே. லாஸ்பேட்டையில் நடந்த ஐந்து நாள் கணினிப் பயிற்சி வேறு மாதிரி. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் காகிதக் கோப்பே கிடையாது. கணினி தெரியாதவர் சீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இருவருக்கு ஒரு கணினி. பக்கத்தில் வேறு அலுவலகத்து மேரி. மவுஸ் அவர் கையில், ஆலோசனை என் வாயில்.

மூன்றாம் நாள் மவுஸை என் பக்கம் தள்ளினார். “புடிங்க சார். திங்கக்கிழமை உங்க சீட்டுல நான் வந்து உக்கார முடியாது.”

பிடித்தேன். அடித்து வைத்திருந்த கோப்பு மொத்தமும் அழிந்தது. முன்வரிசை சிரித்தது.

“பரவால்ல, மறுபடியும் அடிங்க,” என்றார் மேரி, சிரிக்காமல்.

பயிற்சியாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். “சார், முதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க.”

கடைசி நாள் எல்லோரும் பை வாங்கப் போனபோதும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை என் சீட்டில் நானே உட்கார்ந்தேன். பை வாங்க மறந்து வீடு திரும்பிய ஒரே பயிற்சி அதுதான்.