காற்றடைத்த டேங்க்

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை விடுகிறான் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

என் மச்சானுக்கு ஒரு நல்ல பழக்கம். வண்டியை இரவல் வாங்கினால் டேங்க்கைத் துடைத்துக் காயவைத்துத்தான் திருப்பித் தருவான். அன்றும் அப்படித்தான். எட்டு வயது மகளை ட்யூஷனிலிருந்து அழைத்துவரக் கிளம்பினேன். பாதி வழியில், குடோன்கள் மட்டுமே உள்ள ஆளில்லாத சாலையில், வண்டி இருமிவிட்டு நின்றது. ரிசர்வில் போட்டேன். அதையும் குடித்துத் தீர்த்திருந்தான் புண்ணியவான்.

பங்க் வரை நடந்து, பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றினேன். உதைத்தேன். சோக்கை இழுத்து உதைத்தேன். வண்டியைச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தேன். ம்ஹூம். கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

மணி ஏழே முக்கால். ட்யூஷன் ஏழரைக்கே முடிந்துவிடும். டீச்சர் ஃபோனை எடுக்கவில்லை. பிள்ளை கேட்டில் தனியாக நிற்கும். மச்சான் மட்டும் எதிரில் இருந்திருந்தால் வண்டிக்கு விழுந்த உதை அவனுக்கு விழுந்திருக்கும்.

மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன்.

“டேங்க் வறண்டா பெட்ரோல் டியூப்ல காத்து அடைச்சுக்கும் சார். மூடியைத் திறந்து, வாயை வச்சு பலமா ஊதுங்க. பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போயிடும்.”

“போச்சான்னு எப்படித் தெரியும்?”

“காதை வச்சுக் கேளுங்க. களக்குன்னு சத்தம் வரும்.”

ஊதினேன். நெடி தலைக்கேறியது. காதை வைத்தேன். களக் சத்தம் வரவில்லை.

வேறு சத்தம் வந்தது...

டுப்... டுப்... டுப்...

ஓடுகிற இன்ஜின். என் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆனால் என் வண்டி இங்கே சும்மா நிற்கிறது. இன்ஜினைத் தொட்டேன். ஆறிப்போயிருந்தது.

எல்லாம் பெட்ரோல் நெடி செய்கிற வேலை என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஊதினேன். மறுபடி காதை வைத்தேன்.

பிரேக் கிறீச்சிட்டது.

பிறகு ஒரு குரல்.

“பாப்பா... ஏறு.”

என் குரல்.

சின்னச் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. சீட் முனகியது...

நான் யோசிக்கவில்லை. டேங்க்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

“பாப்பா, இறங்கு!”

உள்ளே எல்லாம் அடங்கியது.

களக்...

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. மகள் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடினாள். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிய பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

என் வண்டியில் அவள் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். வலது கெண்டைக்காலில் கொப்புளம். சைலன்சர் சுட்ட காயம்.

வீட்டில் மருந்து போடும்போது கேட்டேன். என் மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

“நீங்கதானேப்பா ஏறச் சொன்னீங்க. ஏறிட்டேன். அப்புறம் டேங்க்குக்குள்ளேருந்து நீங்களே இறங்குன்னு கத்தினீங்க. பயந்து குதிச்சுட்டேன்.”

“அப்புறம்... அந்த வண்டி?”

“திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா நம்ம வீட்டுப் பக்கம் போயிடுச்சு.”