அத்தாவின் ஈஸ்ட்டும் என் ஈஸ்ட்டும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, பேக்கரி வைத்திருந்தார். கல்வராயன் மலைக் கடைகளுக்கெல்லாம் எங்கள் பன்னும் ரஸ்க்கும்தான் போகும். இன்று அங்கே செல்போன் கடை. அந்தப் பக்கம் போனால் இப்போதும் என் மூக்கு மாவு வாசனையைத் தேடுகிறது. அந்த வாசனைக்காக ஏங்குகிறேன், கடைக்காரர்மேல் காரணமில்லாமல் கோபமும் வருகிறது.

எம்.எஸ்சி. முடித்ததும் வெளியூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அத்தாவின் அண்ணன் பெரியத்தாவோ எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னும் அப்படி இன்னாத்த படிக்கப் போறா?"

"ஈஸ்ட்டு" என்றார் அத்தா.

"அதான் நம்ம கடையிலயே பாக்கெட் பாக்கெட்டா கெடக்கே!"

பெரியத்தா சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனதும், மாவு பிசைந்துகொண்டிருந்த அத்தாவின் எதிரே போய் நின்றேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய உத்தரவு போடும் ஜீன் ஒன்று உண்டு. அது பழுதானால் ஈஸ்ட் பிரியாமல் அப்படியே நின்றுவிடும். அதற்குள் மனிதரின் அதே ஜீனை வைத்தால், மறுபடி பிரிய ஆரம்பித்துவிடும். ஈஸ்ட்டும் நாமும் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே கிளை பிரிந்தும் சொந்தம் விட்டுப்போகவில்லை என்றேன். பரிணாமம் என்ற வார்த்தையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவர் முகம் சுளித்தால் என் படிப்பு அன்றோடு முடிந்தது.

அத்தாவின் கை நின்றது.

"ஈஸ்ட்டுக்குள்ள நம்ம ஜீனு வேல செய்யுதா?"

"செய்யுது அத்தா."

"மலையில வெளையிற சாமையில?"

"அதுலயும் அந்த மாதிரி ஜீன் இருக்கு."

அவர் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினார். சாயங்காலம் பெரியத்தாவுக்குப் போன் போட்டார். "மாப்ளைய அப்புறம் பாத்துக்கலாம்ணே. பொண்ணு படிக்கட்டும்."

வெளியூருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலருகே நின்றுகொண்டு ரஸ்க் பையை நீட்டினார். பஸ் உறுமியபோது சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஜீனு எடுக்கறேன்னு ஊசி கீசி போட்டாங்கன்னா நீ குடுக்காத. ஒடம்பு தாங்காது. போன் பண்ணு, நான் வந்து என்னுத குடுக்கறேன்."

ஜீனை அப்படி யாரும் உடம்பிலிருந்து பிடுங்குவதில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் இருப்பதில் பாதி அவர் கொடுத்ததுதான் என்றும் சொல்லியிருக்கலாம். ரஸ்க் பையை வாங்கிக்கொண்டு, சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.