வீடியோ சுவரில் ஒரு நைனா

மேடத்தை நினைத்தால் முதலில் அந்த வீடியோ சுவர்தான் கண்ணில் நிற்கிறது. சுவர் என்றால் நிஜச் சுவரில்லை. ஒன்பது பெரிய டிவிப் பெட்டிகளை மூன்று வரிசையாக அடுக்கி, ஒரே படத்தை ஒன்பதிலும் பரப்பிக் காட்டும் ஏற்பாடு. தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தின் மேல்மாடிக் கூடத்தில் அது இருந்தது. கட்டடத்திலிருந்த எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது. முறை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை அங்கே கூட்டிப்போய், படம் போட்டுக் காட்டிப் பேசுவோம். தொண்ணூறுகளில் அதைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் இல்லை. இப்போது துணிக்கடை வாசலில்கூடக் கோடே தெரியாத பெரிய திரை மின்னுகிறது, ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் பெட்டிகளுக்கு நடுவிலோ நல்ல தடிமனாகக் கறுப்புப் பட்டை ஓடும்.

அந்தக் கூடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார் பேசினாலும் முதலில் பிள்ளையார் படம். ஆரம்பத்தில் யாரோ அவரைச் சுவர் முழுக்கப் போட, பட்டை குறுக்கே விழுந்து தும்பிக்கை துண்டாகிவிட்டதாம். வந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். அதிலிருந்து பிள்ளையார் நடுப்பெட்டியில் மட்டும் என்று ஆயிற்று. மற்ற எட்டும் இருட்டாகக் கிடக்க, அவர் பாட்டுக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்.

எங்களுடையது ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியின் கிளை. அதை நடத்தியவர் மேடம். மயிலாப்பூர்க்காரர், படபடவென்று பேசுவார். என்ன கவலையைக் கொண்டுபோனாலும், "எல்லாம் நடக்கும்பா, மொதல்ல போய்க் காபி சாப்ட்டுட்டு வா" என்பார். அந்த வருஷம் காபிக்கெல்லாம் அடங்காத கவலை வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவரையாவது பிடிக்காவிட்டால் சென்னைக் கிளையை மூடிவிடுவோம் என்று பம்பாய்த் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. எங்கள் எல்லோருடைய சோறும் அதில் இருந்தது. கையில் அகப்பட்டது தி.நகரில் ஒரு பாத்திரக்கடை மட்டும்தான். முதலாளிகள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரும் தலையாட்டினால்தான் வேலை கிடைக்கும். அவர்களுக்குள்ளோ பேச்சுவார்த்தையே இல்லை! கடையைப் பிரிக்கப் போகிறார்கள் என்று பனகல் பார்க் பக்கமெல்லாம் பேச்சு. பிரித்துவிட்டால் விளம்பரமாவது, மண்ணாங்கட்டியாவது.

வந்தார்கள். கூடத்தில் அத்தனை நாற்காலி இருக்க, மூவரும் மூன்று மூலையில் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளையார் முடிந்த கையோடு, கடையைத் தொடங்கிய அவர்களுடைய அப்பாவின் படத்தோடு ஆரம்பிக்க வேண்டும் என்பது மேடத்தின் திட்டம். அப்பா முகத்தைப் பார்த்தாவது மனசு இளகாதா என்கிற நப்பாசை. எங்களுக்கு முன்னால் பேசிய கம்பெனி லேசில் இடத்தைக் காலி செய்யவில்லை. அதனால் படத்தை ஒருமுறை போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. பிள்ளையாருக்குப் பார்த்த நாங்கள் அப்பாவுக்குப் பார்க்கத் தவறிவிட்டோம். சுவர் முழுக்கப் பெரியவர் எழுந்தருளினார். கறுப்புப் பட்டை மிகச் சரியாக அவர் கழுத்தில் விழுந்தது.

பெரிய அண்ணன் விருட்டென்று எழுந்தார். "இன்னாம்மா இது? எங்க நைனா கழுத்த அறுத்து வச்சிகீறீங்களே!"

பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஓவியர் பதறிப்போய் எதையோ அழுத்தினார். கழுத்து தப்பியது. ஆனால் ஒரு நைனா ஒன்பது நைனா ஆகிவிட்டார். பெட்டிக்கு ஒருவராக, அதே முறுக்கு மீசையோடு எங்களையே முறைத்தார்கள். ஒழிந்தது கிளை என்றே நினைத்தேன். மேடம் மட்டும் அசையவில்லை. ஓவியரைத் திட்டவும் இல்லை, இயந்திரத்தின் மேல் பழி போடவும் இல்லை. பெரிய அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு என்னோடதுதாங்க. கோடு எங்க விழும்னு நான் பாத்திருக்கணும். மன்னிச்சுடுங்கோ" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அப்போது கடைசித் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "ஒம்போது நைனா கீறாரு. ஆளுக்கு மூணா பிரிச்சிக்கலாமாண்ணா?" என்றார்.

எத்தனை நாளைக்குப் பிறகு அந்த 'அண்ணா' வந்ததோ! நடுத் தம்பி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெரிய அண்ணன் தம்பிகள் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல கீறவரு மேல எவனும் கை வெக்கக் கூடாது," என்றார் கடைசியில். "அவரு கடையிலயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போகாமல், கடைசித் தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடுத் தம்பியையும் கையசைத்துக் கூப்பிட்டார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஏம்மா நின்னுகினு கீற? சொல்லு, எங்க கடைக்கு இன்னா பண்ணப் போற?"