கோட்டு மாறிய நாள்

மழையில் நனைய நனைய அந்தக் கோட்டிலிருந்து பொரித்த எண்ணெய் மணம் கிளம்பியபோதுதான், அவசரத்தில் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது தெரிந்தது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டைத் தாண்டி, ஃபிராங்க்ஃபர்ட் போகும் பெருந்தெருவின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு வயது. என்னுடையதும் அவருடையதும் ஒரே மலிவுக்கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டுகள். திரும்பிப் போய் மாற்ற மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த நாள் முதல் அப்பா ஒரு ரெஸ்ரோரண்டில் "கோப்பை கழுவினார்". ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் "ஹோட்டலில் வேலை" என்பார். லண்டனில் பெற்றோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சித்தப்பா கோடையில் எங்களிடம் வரும்போது டை கட்டியிருப்பார். "அங்க வெள்ளைக்காரன் வாயைத் திறந்தாலே அவன் எந்த வகுப்பு எண்டு மற்ற வெள்ளைக்காரனுக்கு விளங்கிடும் அண்ணை. றோட்டுப் போடுறவன்ர மகன் றோட்டுத்தான் போடுவான். எங்கட பிள்ளையளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, படிச்சால் மேல போகலாம்" என்று அவர் சொல்ல, அப்பா தலையாட்டிக்கொண்டிருப்பார். என்னை லண்டனுக்கு அனுப்பிப் படிப்பிப்பது என்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பதை இருவருமே கேட்கத் தயாராக இல்லை.

என் கைக்குப் பணிந்தது கத்தரிக்கோல் ஒன்றுதான். சலூன் செலவு மிச்சமாகட்டும் என்று அம்மா அதை என்னிடம் தந்திருந்தாள். அப்பா குளியலறையில் ஸ்டூலைப் போட்டுக் குனிந்து உட்காருவார். பிடரியில் கை பட்டதும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். எங்கள் வீட்டில் அவர் சத்தம் போடாத நேரம் அதுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து வேலை பழக அனுப்பியபோது நான் தேர்ந்தெடுத்தது ஒரு சலூனைத்தான். முதலாளியம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போய், சம்பளத்தோடு தொழில் பழகும் "அவுஸ்பில்டுங்" தருவதாகச் சொன்னார். அப்பா வந்து கையெழுத்து வைத்தால் போதும். ஊரில் முடி வெட்டுவது ஒரு சாதிக்கென்று ஒதுக்கிய வேலை, நாங்கள் அந்தச் சாதி இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஜெர்மனியில் அது செல்லாது என்று நினைத்தேன்.

ஒரு கடையில் இடம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி அப்பாவைக் கூட்டிப் போனேன். கோட்டைக் கழுவிக் காயவைத்து, சென்ட் பூசிக்கொண்டு வந்தவர், கோட்டை என்னுடையதன் பக்கத்துக் கொக்கியில் கொழுவிவிட்டுத் திரும்பி நாற்காலிகளையும் கண்ணாடிகளையும் பார்த்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. முதலாளியம்மா அவருடைய பிடரியைப் பார்த்து ஏதோ கேட்டார், நான் பதில் சொன்னேன்.

"என்னவாம்?"

"உங்கட தலை ஆர் வெட்டினது எண்டு கேக்கிறா. நல்ல துப்புரவான வேலையாம்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் எண்டு."

அப்பாவின் கை பிடரியை மூடியது.

"அவவுக்குச் சொல்லு, என்ர மகன் ஊரான்ர தலையில கை வைக்கப் பிறக்கேல்லை எண்டு. நாளைக்குக் கோயிலில ஆர் என்ர முகத்தில முழிப்பினம்?"

அவருக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வராது. எங்கு போனாலும் நான்தான் மொழிபெயர்ப்பேன். சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். அந்த அம்மா தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பேனாவை மூடினார். நான் கொக்கியிலிருந்து கோட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கோப்பை கழுவுவதற்கு எங்கள் ஊரில் தனிச் சாதி இல்லை. அதனால் அந்த வேலையை அவரால் தாங்க முடிந்தது. நடக்கும்போது எனக்கு விளங்கியது அவ்வளவுதான். பிறகு வீட்டுக்குத் திரும்பாமலே எத்தனையோ நகரங்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன், அதற்கு மேல் எதுவும் விளங்கவில்லை. அந்த சலூன் இப்போது இல்லை, அங்கே கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார். என் கோட்டு அவருக்குச் சின்னது, அன்றைக்கு எதைப் போட்டுக்கொண்டு வீடு போனார் என்பதோ, அதற்குப் பிறகு யாரிடம் தலையைக் கொடுத்தார் என்பதோ எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்துக்கு அருகே ஒரு ரெஸ்ரோரண்டின் பின்கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த கிரேக்கச் சமையல்காரன் என் காலரைப் பிடித்து முகர்ந்து பார்த்து, பழகின ஆள்தான் என்று சிரித்தான். வேறொன்றும் கேட்காமல் கழுவும் தொட்டியைக் காட்டினான். அப்பாவின் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கோப்பை கழுவத் தொடங்கினேன்.