மாப்பிள்ளை சரி செய்த கணினி

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அப்போது கணினி இருந்த இடங்கள் இரண்டுதான். ஒன்று மேனேஜர் பங்களா. இன்னொன்று எங்கள் வீடு. பங்களாவில் இருந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்ததைப் பார்க்காமல் நடமாடவே முடியாது. முன்கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது.

சித்தி வேலை பார்த்த மின்னணுக் கம்பெனியில், பழையது என்று கழித்துப் போட்டதை அவர் வாங்கியிருந்தார். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினார். செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் சிரம்பானுக்குப் போய் அதை ஏற்றி வந்தார். வெகு நாட்கள் வரை அந்தப் பெட்டியிலிருந்து லேசாக எண்ணெய் வாடை வந்துகொண்டிருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. தாத்தா, பாட்டி இருவரும் போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தார். அவருக்குக் கல்யாணம் முடிக்கும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்திருந்தது. பெண் பார்க்க வந்து போகிறவர்களுக்குப் பலகாரம் சுட்டுச் சுட்டு அம்மா சலித்துப் போயிருந்தார். அதைவிடச் சலித்துப் போயிருந்தவர் சித்தி. ஆனால் அது வெளியே தெரியாது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறபோதும், நகை போட்டு நடுக்கூடத்தில் வந்து நிற்கிறபோதும் அவருக்கு ஒரே முகம்தான். அவர் முகமே அப்படி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த முகம் கொஞ்சம் மாறுவது கணினிக்கு முன்னால் மட்டும்தான்.

லோரிக்காரரை எந்த நேரத்திலும் கூப்பிட வசதியாக, ஆபீசிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி இழுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பியில்தான் இணையம் வந்தது. மழை பெய்தால் வராது. இணையப் பக்கங்களைத் திறந்து காட்ட சித்தியிடம் இரண்டு உலாவிகள் இருந்தன. ஒன்றுக்கு நீல நிற ‘e’ அடையாளம். மற்றதற்குக் கப்பல் சுக்கான். ஒரே பக்கத்தை முதலில் இதிலும் பிறகு அதிலும் திறந்து, எது சீக்கிரம் காட்டுகிறது என்று பார்ப்பது எங்கள் விளையாட்டு. நான்தான் நடுவர். படம் மேலிருந்து துண்டு துண்டாக இறங்கி வரும். அது முழுசாகத் தெரிவதற்குள் பல நாள் நான் ஒரு முறுக்கைத் தின்று முடித்திருப்பேன். முறுக்கு மிச்சமிருந்தால் அந்த உலாவிக்கு வெற்றி.

பெரும்பாலும் ‘e’தான் ஜெயித்தது. ஆகவே நான் ‘e’ கட்சி. சித்தியோ கப்பல் கட்சி. தோற்கிற கட்சியில் ஏன் இருக்கிறார் என்று கேட்டேன்.

“வேகமா வந்து என்ன லா பண்றது பாப்பா? அதுக்குப் பிடிச்சத மட்டும்தான் காட்டுது. இத நம்ம உள்ள திறந்து, திருப்பிப் பார்த்து, மாத்தலாம்.”

அது எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாளில் சித்தி உலாவியோடு நிற்கவில்லை, கணினியின் அடித்தளத்தையே மாற்றப் புறப்பட்டார். அதில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்ற வேறொன்றை ஏற்றினார். சிரம்பானில் வாங்கிய ஒரு பத்திரிகையோடு அதன் வட்டு இலவசமாக வந்திருந்தது. அதன் சின்னம் ஒரு குண்டுப் பெங்குவின். எனக்குப் பெங்குவினைப் பிடித்தது, ஆனால் அது வந்த பிறகு சீட்டு விளையாட்டு போய்விட்டது. கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நிற்கும். சித்தி ஏதோ தட்டினால்தான் மேலே நகரும்.

இத்தனை பாடும் தமிழுக்காகத்தான். தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகக் கிடந்தன. நடுவே கட்டம் கட்டமாக ஓட்டை. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கவேண்டிய நேரத்தில் சித்தி அதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் யோசனை சொன்னார்கள். எல்லாரும் ‘அன்புள்ள ஐயா’ என்றே அவரை விளித்தார்கள். சித்தி அதைத் திருத்தவில்லை. “ஐயான்னு நினைச்சாதானே பதில் போடுறாங்க” என்றார்.

ஒருநாள் மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தார். திரையில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழ். ஒரு கொம்புகூட விலகவில்லை.

“படி பார்ப்போம்” என்றார்.

படித்தேன். அது சமையல் குறிப்பு. சித்தி அதைக் கேட்டுக்கொண்டே மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும். மாப்பிள்ளைக்குக் கணினி விற்கும் கடையில் வேலை. இந்தத் தடவை பொருத்தம் அமைந்துவிடும் என்று அம்மா நம்பினார். காலையிலேயே சித்தியை அழைத்துச் சொன்னார்: “அவரு அந்த லைன்ல இருக்கிறவரு. நீ உன் கம்பியூட்டர் பேச்ச எடுத்து வெச்சிக்கிட்டு நிக்காத. அவரு பேசட்டும். பொம்பள அதெல்லாம் பேசினா ஆம்பளைங்களுக்குப் பிடிக்காது.”

சித்தி சரி என்று தலையாட்டினார்.

சித்தி வந்து, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனதும் கூடத்தில் பேச்சு வற்றிப்போனது. செம்பனை விலையைப் பற்றி அப்பா கொஞ்சம் பேசினார். அதுவும் தீர்ந்தபோது, “நம்ம வீட்டுலயும் ஒரு கம்பியூட்டர் இருக்கு” என்று எழுந்துபோய் அதைப் போட்டார். கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்து வந்து நின்றது.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எதையோ தட்டினார். நிறுத்தித் திரும்பப் போட்டார். மறுபடியும் அதே கறுப்பு.

“யாரோ நல்லா கெடுத்து வெச்சிருக்காங்கண்ணே” என்றார்.

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. “சின்னப் பிள்ள இருக்கிற வீடு லா” என்று என்னைக் காட்டினார்.

“பரவால்ல, வெளிய நிக்கிற காடில வட்டு இருக்கு. சரி பண்ணிடலாம். உள்ள ஏதாச்சும் முக்கியமானது இருக்கா?”

“என்ன இருக்கப்போவுது? சும்மா கெடக்குற பெட்டிதானே.”

“சித்தி...” என்று நான் வாயெடுத்தேன். அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளினார். அந்தக் கிள்ளில், பெரியவர்கள் பேசும்போது பேசாதே என்பது மட்டுமல்ல, இந்த இடமும் தட்டிப்போனால் என்னால் தாங்க முடியாது என்பதும் இருந்திருக்கும். எனக்கு வலி மட்டும்தான் தெரிந்தது.

சித்தி கோப்பித் தட்டோடு வந்தபோது திரை நீலமாக இருந்தது. ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்தார். பிறகு தட்டை மாப்பிள்ளைக்கு நீட்டினார்.

“எடுத்துக்குங்க” என்றார்.

“என்னமோ தெரியாத சிஸ்டம் ஏறிக் கெடந்துச்சி” என்று மாப்பிள்ளை அப்பாவிடம்தான் சொன்னார். “எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இனிமே புதுசு மாதிரி.”

மாப்பிள்ளையின் அம்மா பெருமையோடு சிரித்தார். “இவன் போற வீட்டுல எல்லாம் இப்படித்தான். எதையாச்சும் ரிப்பேர் பண்ணாம வரமாட்டான்.”

உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார். போகுமுன் விசைப்பலகையைத் தன் கைக்குட்டையால் துடைத்தும் வைத்தார்.

அவர்கள் போன பிறகு சித்தி உடைமாற்றிக்கொண்டு வந்து பாத்திரங்களைக் கழுவினார். எனக்குச் சீட்டு விளையாட்டு திரும்பக் கிடைத்திருந்தது. ‘e’யும் இருந்தது. அதைத் திறந்துவிட்டு, “சித்தி, வந்து பாருங்க, சட்டுன்னு வருது” என்று கூவினேன். கை ஈரத்தோடு வந்து பின்னால் நின்றார்.

“ஆமா. சட்டுன்னுதான் வருது.”

கடைசியில் சித்தியும் என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

மாப்பிள்ளை வீட்டின் சம்மதம் வந்த அன்று சித்திக்கு இரவு ஷிப்டு முடிந்திருந்தது. காலையில் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அவங்களுக்குப் பிடிச்சிருக்காம். நீ என்ன சொல்ற?”

“அவரு என்கிட்ட ஒண்ணுமே கேட்கலயேக்கா.”

“கேக்குறதுக்கு என்னடி இருக்கு? குடிக்கிறவரு இல்ல. கோவக்காரரு மாதிரி தெரியல. வந்த எடத்துல கெட்டுக் கெடந்தத உக்காந்து சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போறாரு. இதுக்கு மேல நான் எங்க போய்த் தேடுவேன்?”

சித்தி சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஒன்று முடிச்சு விழுந்திருந்தது. அதை அவிழ்த்து முடித்தார்.

“சரிக்கா” என்றார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மா வாசலிலேயே அழுதார். நான் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் கற்கண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். கணினி சரி செய்யத் தெரிந்த ஒருவர் நம் குடும்பத்துக்கு வருகிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த மாப்பிள்ளை எனக்கு நல்ல சித்தப்பாவாகவே அமைந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சித்தியை வேலைக்கு அனுப்பவில்லை. பாவம், போதும், இவ்வளவு நாள் உழைத்தது என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா மகிழ்ந்தார்.

பள்ளி விடுமுறையில் அம்பாங்கானுக்குப் போயிருந்தேன். சித்தப்பாவின் கணினி புதியது. அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நான் கூப்பிட்டதும் சித்தி அடுப்படியிலிருந்து வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்காரவில்லை.

“சித்தப்பா வரட்டும்.”

“உங்களுக்குத்தான் தெரியுமே சித்தி.”

“எனக்கு எல்லாம் மறந்துபோச்சி பாப்பா” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிப்பதாக உள்ளே போனார்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி மறந்தது என்று மட்டும் ஆச்சரியப்பட்டேன். ஒருவர் மறந்துவிட்டேன் என்று சொன்னால், மறந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிற வயது எனக்கு.