கவாத்து வெட்டிய கடல்பூ

என் மேசை இழுப்பறையில் ஒரு சுண்ணாம்பு டப்பி கிடக்கிறது. வெற்றிலை போடுகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்ன அலுமினிய டப்பி. மூடி நசுங்கியிருக்கும், விளிம்பில் வெள்ளை காய்ந்து ஒட்டியிருக்கும். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பேனா தேடி இழுப்பறையைத் திறந்தால் டப்பியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இந்த மலை உச்சியில் ஒரு கடலையே காப்பாற்றிய டப்பி அது. கங்காணி அக்காவுடையது.

நான் வரவேற்பில் வேலை பார்க்கும் விடுதி, குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அதன் முன்னறையில் கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்துவிட்டது. உப்புநீர், கோமாளி மீன்கள், பண்ணையில் வளர்த்து விற்கிற மென்பவளங்கள், அவை ஒட்டி வளரப் பாறைகள். சமவெளிக்காரர்கள் இப்படிப்பட்ட தொட்டியைக் குளிர வைக்கப் படாத பாடு படுவார்களாம். நாங்களோ டிசம்பர் உறைபனியில் ஹீட்டர் போட்டு, கரண்ட் போனால் கம்பளி சுற்றிக் காபந்து பண்ணினோம். பாறைகளை முதலாளியே நேரில் போய்ப் பொறுக்கி வாங்கி வந்தார். தொட்டிக்குப் பூஜை போட்டு, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். நான் கைப்பேசியில் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கங்காணி அக்கா அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் துப்புரவு வேலைக்கு வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். சேரங்கோட்டில் கொழுந்து பறித்து, பிறகு பறிக்கிறவர்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தவர். அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. முதலாளியைத் ‘தொர’ என்றுதான் சொல்வார். தொட்டியையும் பார்த்துக்கொள்ளச் சொன்ன முதல் வாரமே மீன்களுக்குப் பெரட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார். எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். “ஆறு உருப்படி சரிங்க தம்பி. ஒருத்தன் கல்லுக்குப் பின்னால தூங்குறான், அவனுக்கு இன்னிக்கு அரைநாள்தான்” என்று எனக்கு அறிக்கை தருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் விடுதியில் வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

ஒருநாள் ஒரு பாறையில் பழுப்பாகச் சின்னப் பூ ஒன்றைப் பார்த்தேன். குட்டித் தண்டு, நுனியில் இழை இழையாகக் கைகள். விரல் கிட்டே போனால் பாறைக்குள் சுருங்கிக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. இணையத்தில் தேடினேன். அது பூவே அல்ல, பாறையோடு திருட்டுத்தனமாக வந்து சேரும் உயிராம். கொட்டும் கைகளால் பக்கத்துப் பவளங்களைச் சுட்டுப் பொசுக்கி, தொட்டி முழுக்கத் தானே பரவிவிடுமாம். இவ்வளவு படித்தவன் அடுத்த பத்தியையும் படித்திருக்கலாம். படித்தால்தானே! தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வேண்டாதது எதுவானாலும் கைக்குக் கத்திதான் ஞாபகம் வரும். தேயிலைச் செடியை வெட்டித் துளிர்க்கவிடும் அப்பாவின் கவாத்துக் கத்தியைக் கழுவி எடுத்துவந்து, தொட்டிக்குள் கையை விட்டு, அதைச் சீவி எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சில வாரங்களில் பாறையெல்லாம் அதுவே நின்றது. வெட்டுப்பட்ட துணுக்கெல்லாம் தனித்தனிப் பூவாகிவிட்டது.

பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மூடிக்கொண்டன. முதலாளி தாம்தூம் என்று குதித்தார். தினமும் தொட்டியில் கை விடுகிறவர் யார்? கங்காணி அக்கா. “அந்தம்மா கையில எதையோ வச்சுக்கிட்டு உள்ள விட்டிருக்காங்க. அழுக்குக் கை! சீசனுக்குள்ள தொட்டி தெளியலைன்னா அவங்கள நிறுத்திருங்க” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். சீசன் தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா அழவில்லை. முதலாளி போனதும் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து வெகுநேரம் பார்த்தார். “கவாத்து வெட்டுன மலை மாதிரியில்ல துளிர்த்திருக்கு. யாரோ கத்தி வச்சிருக்காங்க தம்பி” என்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கத்தி யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. “வேல போனா இன்னொரு எடத்துல கூட்டிப் பொழச்சுக்குவேங்க. அழுக்குக் கைன்னு ஒரு பேரு வந்துட்டா, அத எங்க போயிக் கழுவுறது?” என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று விட்ட பத்தியிலிருந்து படித்தேன். வெட்டக்கூடாது, நசுக்கவும் கூடாது. நீர்த்த சுண்ணாம்பைக் களிபோலக் குழைத்து அதன் வாயை மூடிவிட வேண்டும். மீன் தொட்டிக் கடைகளுக்குப் போன் போட்டேன். எவரிடமும் இல்லை, வரவழைக்க வாரக்கணக்காகும் என்றார்கள். மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு அக்காவிடம் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்து டப்பியை உருவி என் மேசைமேல் டொக்கென்று வைத்தார். “இதுவாங்க? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க?” வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு!

மருந்துக்கடையில் ஊசிக்குழல் வாங்கினோம். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும், அக்கா கையுறை போட்டுக்கொண்டு குழலை உள்ளே இறக்கினார். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள்; நூலளவு நடுக்கம் இல்லை. பூ சுருங்குவதற்குள் அதன் வாயில் வெள்ளைப் பொட்டு விழுந்துவிடும். ஒரே நாளில் நிறையச் சுண்ணாம்பு போனால் தண்ணீர் காரமேறி மீன் செத்துவிடும் என்பதால் நாளுக்கு நாலைந்துதான். பாறைகளை அவர் தேயிலை மலைபோல நிரை நிரையாகப் பிரித்துக்கொண்டார். ஒரு நிரை முடியாமல் அடுத்ததைத் தொடவே மாட்டார். நான் பரபரத்தால், “நிரை தாண்டுனா விட்டது மறுபடி வரும், சும்மா இருங்க” என்று அதட்டுவார். மூன்றாவது சுற்றில் கடைசிப் பூவும் கரைந்தது. சீசனுக்கு இரண்டு நாள் முன்னால், மூடிக் கிடந்த பவளம் ஒன்று காலை விளக்கில் மெல்ல விரிந்தது. அக்கா கைதட்டிய தட்டலில் சமையல்காரர் ஓடிவந்தார்.

முதலாளியும் வந்தார், பார்த்தார், பூரித்தார். “பாத்தீங்களா, மிரட்டினாத்தான் வேல நடக்குது. இனியாச்சும் அந்தம்மாவக் கையக் கழுவச் சொல்லுங்க” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பூஜை அன்று எடுத்த போட்டோவைத் திறந்து, பெரிதாக்கி, அவர் கண்முன் நீட்டினேன். சந்தனப் பொட்டுக்குக் கீழே, அவர் ஆசையாய்ப் பொறுக்கி வந்த பாறையின் மூலையில், அந்தப் பழுப்புப் பூ. “இது அக்கா வர்றதுக்கு ரெண்டு மாசம் முந்தி எடுத்ததுங்க. கொண்டு வந்தது உங்க கல்லு. வெட்டிப் பெருக்குனது நானுங்க. அழுக்குக் கைன்னா நம்ம ரெண்டு பேரு கைதான்.” வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் கைப்பேசியை வாங்கி இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும், “தப்பு எம்மேலதானுங்கம்மா” என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. அக்கா நிமிர்ந்து நின்று, “சரிங்க தொர. இனிமே எந்தக் கல்லா இருந்தாலும் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் உள்ள போகணும்” என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மீனெல்லாம் பாறைக்குள் ஓடி ஒளிந்தது. அன்றிலிருந்து புதுப் பாறை வந்தால் தனி வாளியில் பல வாரம் நிற்க வேண்டும். மலையேறும் வண்டிகளைச் சோதிக்கிற பர்லியார் செக்போஸ்ட் ஞாபகத்தில் அந்த வாளிக்குப் ‘பர்லியார்’ என்று பெயர் வைத்தார் அக்கா.

இப்போது அவர் கூடலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போகும்போது டப்பியை என் இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனார். இந்த வாரம் ஒரு பாறை வந்தது. இன்று காலை பர்லியாரில் குனிந்து பார்த்தால், அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒன்று கை விரித்து நிற்கிறது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“கத்தி எங்க இருக்கு?” என்றார்.

“வீட்டுப் பரண்லக்கா. டப்பியத்தான் கையில வச்சிருக்கேன்.”

“அப்பச் சரி” என்று சிரித்தார். டப்பியில் புதுச் சுண்ணாம்பை நிரப்பி, அக்கா சொல்லச் சொல்லக் குழைத்தேன். ஊசிக்குழலைப் பர்லியாருக்குள் இறக்கினேன். பொட்டு சரியாக வாயில்தான் விழுந்தது.